ரெபேக்காளின் சீட்டு

ரெபேக்காளின் ஜெபத்தை நான் மாற்றி எழுதினேன். ஒருமுறையல்ல... நான்கு வருஷமாக, வெள்ளிக்கிழமைதோறும். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில், எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பிறகு ஆளுக்கொன்று எடுத்துப்போய், அந்த வாரம் முழுவதும் வீட்டில் தனியே அதற்காக ஜெபிப்போம். யாருடைய சீட்டு யாரிடம் போயிற்று என்று கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, பள்ளிக்கூட ஆசிரியையான என் வேலை.

ரெபேக்காளின் கணவர் ரங்கூனுக்கு மில் வேலைக்குப் போனவர். யுத்தம் அங்கே எட்டியதும் கடிதம் நின்றுவிட்டது. அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரை உசிரோட கொண்டாந்து விடுங்க ஆண்டவரே. குடுக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். இப்படியே எழுதுங்க டீச்சர்."

நான் எழுதியதோ, சகோதரி ரெபேக்காளுக்கு ஆறுதலும், தேவசித்தத்தை ஏற்கும் பொறுமையும் வேண்டும் என்று!

ஏன் அப்படிச் செய்தேன்? தேவனிடம் இவ்வளவு துணிச்சலாகப் பேசுவது மரியாதையல்ல என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்! என் மகள் எஸ்தர் டைபாய்டில் கிடந்தபோது நானும் அப்படித்தான் கேட்டேன். ஒன்பது நாள்... முழங்கால் தோலுரியக் கேட்டேன். பத்தாம் நாள் அவளை அடக்கம் செய்தோம்.

அன்றோடு கேட்பதை விட்டேன். அதன்பின் என் ஜெபங்கள் அழகாயின, எல்லோரும் மெச்சினார்கள். அவற்றில் நான் எதையுமே கேட்பதில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ரெபேக்காளும் என்னைப்போல் உடைந்துவிடக் கூடாதென்று நினைத்தேனா? அல்லது, எனக்கு மறுத்ததை அவளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சினேனா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஐயங்கார் குமாஸ்தா ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவள் காவிரிப் பாலம் கடந்து நடந்தே போனாள். தமக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் அனுப்பிவிட்டார். மறுவாரமும் போனாள். மூன்றாம் முறை, தம்மோடு வந்த நாலைந்து பேருக்குக் கடிதம் போட்டு விசாரிப்பதாக ஒப்புக்கொண்டாராம். அதைச் சொல்ல நேரே என் வீட்டுக்கு வந்தாள், காலெல்லாம் புழுதியோடு.

"மூணு தடவை வாசல்ல நின்னதுக்கே முன்னப்பின்ன தெரியாத ஐயங்காரு மனசு எறங்கிட்டாரு. நம்ம ஆண்டவர் எறங்க மாட்டாரா டீச்சர்? அதுவும் வாரத்துக்கு ஒருத்தியா நம்ம பொம்பளைங்க அத்தனை பேரும் எனக்காகக் கேக்குறாங்களே."

ஒருத்திகூடக் கேட்கவில்லை! அத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள் என்ற தெம்பில், அவள் தன்னந்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

அந்தக் கடிதங்களால் பயனில்லை. யுத்தம் முடிந்தது, அவள் கணவர் வரவில்லை. எல்லோரும் கேட்டிருந்தால் வந்திருப்பாரா? அப்படி எண்ணுவது அறிவீனம் என்கிறது என் படிப்பு. ஆனாலும்...

போன வெள்ளியன்று அவள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். "அதேதான் டீச்சர், எழுதுங்க" என்றாள். நான்கு வருஷத்தில் ஒரு சொல்கூடக் குறையாத அதே விண்ணப்பம். அன்று முதன்முறையாக அவள் சொன்னபடியே எழுதினேன். பெட்டி என்னிடம் வந்ததும் அந்தச் சீட்டைத் தேடி நானே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அதை விரித்து வைத்து முழங்காலிட்டேன். அவளைப்போல் அடம்பிடித்துக் கேட்க எவ்வளவு ஏங்குகிறேன் தெரியுமா! ஒரே ஒருமுறை, மகளாக, உரிமையோடு... வாய் திறக்கிறேன். அவள் கணவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் எஸ்தரின் பெயர் வந்து நிற்கிறது. அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆறு நாளும் இப்படியே போயிற்று.

நாளை வெள்ளிக்கிழமை. ரெபேக்காள் வருவாள். தன் சீட்டு யாரிடம் இருந்தது என்று கேட்க மாட்டாள். கேட்பது எங்கள் வழக்கமில்லை.