கட்டு கொண்டுவரும் சௌந்தர்யா

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குள் சௌந்தர்யாவின் ஸ்கூட்டி நுழையும் சத்தம் எல்லா வீட்டுக்கும் தெரியும். காலடியில் ஒரு மூட்டை, பின் சீட்டில் ஒரு மூட்டை, நடுவில் அவள். மூட்டைக்குள் வெட்டிய தோல் இருக்கும். ஷூவின் மேல்பாகம் அது. அப்பர் என்போம். நாங்கள் அதை வீட்டில் உட்கார்ந்து இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்து, கட்டுக் கட்டாக அவளிடம் கொடுப்போம். அவள் கம்பெனியில் சேர்ப்பாள். ஷூ வெளிநாட்டுக்குப் போகும். கம்பெனி ஆட்களின் பட்டியலில் எங்கள் பெயர் கிடையாது. அவள் பெயரும் கிடையாது.

அவளும் நானும் ஒரே வகுப்பு. எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். அவள் பன்னிரண்டு முடித்துக் கம்பெனிக்குப் போனாள், லைன் சூப்பர்வைசர் ஆனாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளை நிறுத்திவிட்டார்கள். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, வீடுகளுக்குக் கட்டு கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கினாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பேச ஆள் வேண்டும் என்று மட்டும் கம்பெனி அவளைக் கூப்பிடும். நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு போய் இங்கிலீஷ் பேசிவிட்டு வருவாள்.

நான் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். கடையில் சில்லறை பாக்கியைக் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். எனக்காகப் பேசியதெல்லாம் சௌந்தர்யாதான். என் வீட்டுக்காரர் காசி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் காண்ட்ராக்ட் ஆளாக இறங்கி வேலை செய்தவர். நெஞ்சு கெட்டுப்போய் ஒருநாள் மூச்சுவிட முடியாமல் சரிந்தபோது, சௌந்தர்யா அவரை ஸ்கூட்டியில் ஏற்றித் துப்பட்டாவால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, வெக்கப்படாத, கெட்டியா புடிச்சிக்கோ. உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லமாட்டா. அவ எதுக்குத்தான் வாயத் தொறந்தா?" என்றாள். அந்த நிலையிலும் காசி சிரித்தார்.

அவருக்கு மருந்து நிற்கக்கூடாது. எங்களுக்கு வேண்டியிருந்தது கம்பெனி கார்டு. அது இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, வீட்டுக்காரருக்கும் வைத்தியம் உண்டு. வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

கம்பெனியில் ஆடிட் வரும் நாட்களைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலையை வீடுகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது ஷூ வாங்குகிறவர்கள் போட்ட சட்டம், அதைச் சோதிக்க ஆடிட்டர் வருவார். காலையிலேயே சௌந்தர்யா போன் செய்வாள். தோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம், மெழுகு நூலை அரிசி டிரம்மில் போட்டு மூடுவோம். ஆள் குறைவாக இருந்தால் எங்களில் சிலரைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் நீலக் கோட்டு மாட்டி உட்காரவைப்பார்கள். அதற்கு முந்தின நாள் அவள் வீட்டில் பயிற்சி நடக்கும். அவளே ஆடிட்டர் அம்மாவாகி, தலையைச் சாய்த்துச் சிரித்துக் கேட்பாள்.

"ஊட்ல தைக்கிறீங்களாம்மா?"

"இல்லீங்க. கம்பெனியிலதான். ஊட்டுக்கு எடுத்துக்கினு போறதில்ல. ஊட்ல தைக்கிறவங்க யாரும் இல்ல."

"மூஞ்ச உம்முனு வெச்சிக்கினு கேக்கறவங்களால ஒண்ணுமில்லடி. சிரிச்சிக்கினு, கையப் புடிச்சிக்கினு கேப்பாங்க பாரு, அவங்கதான் டேஞ்சர்" என்பாள். என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்தரி பேகம் அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் பதிலை மறந்து, "தைக்கிறேன்மா, உனக்கும் ஒரு ஜோடி வேணுமா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்கவைப்பாள். நான் மறந்ததே இல்லை.

போன வருஷம் ஸ்வீடனிலிருந்து பிர்கிட்டா என்ற அம்மா வந்தார். எங்கள் ஷூவை ஸ்டாக்ஹோம் நகரத்தில் தன் கடையில் விற்பவர். அன்று நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சில மாதம் கழித்து அழைப்பு வந்தது. கடைக்கு ஐம்பதாவது வருஷமாம். கடைக்குள் உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்கத் தைத்துக்காட்ட என்னையும், பேச சௌந்தர்யாவையும் அனுப்பச் சொல்லியிருந்தார்.

"மாரி, உனக்கு அதிர்ஷ்டம்டி" என்று ஓடிவந்தாள் சௌந்தர்யா. "போய்ட்டு வந்ததும் உன்னை சாம்பிள் ரூம்ல எடுத்துக்கறேன்னு மேனேஜரு சொல்லிட்டாரு. கார்டு கன்பார்ம். அங்க அந்தம்மா ஏதாவது கேட்டா மட்டும் ஆடிட் மாதிரியே சொல்லிடு. ஒரு வார்த்தை மாறினாலும் எல்லாம் பேஜாராய்டும்."

காசியிடம் சொன்னேன். அவர் என் பையில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக் கட்டினார்.

பிர்கிட்டாவின் கடை ஸ்டாக்ஹோமின் பழைய ஊரில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவே தீவு. தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருந்தது. மஞ்சளும் செங்காவியும் பூசிய உயரமான வீடுகள், கல் வளைவுகளுக்குக் கீழே கடைகள். சுவர் பிளக்காமல் இருக்க வெளியே இரும்புப் பட்டை அடித்திருந்தார்கள். எல்லா வீடும் சில நூறு வருஷம் பழையது என்றார்கள். ஒரு சதுக்கத்தில் கிணறு இருந்தது, அதைச் சுற்றி உட்கார்ந்து சனங்கள் ஐஸ்கிரீம் தின்றார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் அடித்தது.

"இன்னாடி இது, ஒரு ஊட்லகூட துணி காயல?" என்றாள் சௌந்தர்யா, மேலே பார்த்து. "குளிக்கறாங்களா இல்லியா?"

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அவள் என் கையை விடவே இல்லை. கல்லில் என் செருப்பு வழுக்கியது. அவள் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். இதையும் எழுதத்தான் வேண்டும். அந்த மூன்று நாளும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டதுபோல் என் அம்மாகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

கடைக்குள் ஜன்னல் ஓரமாக எனக்கு முக்காலி போட்டிருந்தார்கள். நான் தைத்தேன். வழியில் போகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்பதால் எனக்கு அது கஷ்டமாக இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, பிர்கிட்டா ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் மகள் செல்போனை ஒரு தாங்கியில் நிறுத்திப் படம் எடுத்தாள். சௌந்தர்யா என் பக்கத்தில் நின்றாள். பிர்கிட்டா சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கேட்டதில் 'ஹோம்' என்ற வார்த்தை இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"எங்க தைக்கிறன்னு கேக்கறாங்க" என்றாள் சௌந்தர்யா.

"கம்பெனியிலதான். ஊட்டுக்கு எடுத்துக்கினு போறதில்ல."

பிர்கிட்டா மறுபடி கேட்டார். இந்த முறை நீளமாக, மெதுவாக, என் முகத்தைப் பார்த்து. மறுபடி ஹோம். சௌந்தர்யா கொஞ்சம் பொறுத்துத்தான் பேசினாள். "அதேதான் திருப்பிக் கேக்கறாங்க. ஊட்ல தைக்கிறவங்க இருக்காங்களான்னு."

"ஊட்ல தைக்கிறவங்க யாரும் இல்ல" என்றேன். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். அவ்வளவு தெளிவாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

பிர்கிட்டா என் கையை விட்டுவிட்டு எழுந்துபோனார். சௌந்தர்யா என் தோளைத் தட்டினாள். "சூப்பர்டி" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஊரிலிருக்கும் தன் மகளுக்கு எதையோ வாங்க சௌந்தர்யா வெளியே போயிருந்தாள். கடையைச் சுத்தம் செய்கிற அக்கா என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே, "தமிழோ பிள்ளை?" என்று கேட்டு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவர். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகவே கேட்டார்.

"ஏன் பிள்ளை, நேற்று அப்பிடிச் சொன்னனீர்?"

"எப்படிக்கா?"

"வீட்டில தைக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு. நான் பின்னால தரை துடைச்சுக்கொண்டு நிண்டனான், எல்லாம் காதில விழுந்தது. உம்மட சிநேகிதி ஒழுங்காச் சொல்லேல்லை. மனுசி கேட்டது வேற."

அக்கா சொல்லச் சொல்ல நான் ஊசியைக் கீழே வைத்தேன். கடையில் பிர்கிட்டாவும் மகளும் பேசிக்கொள்வதைக் கேட்டு அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீடுகளில்தான் தையல் நடக்கிறது என்று பிர்கிட்டாவுக்குத் தெரியுமாம். போன வருஷமே சௌந்தர்யாவிடம் சொல்லியிருக்கிறார். கோபமில்லை, ஆனால் தைக்கிறவர்கள் எல்லாரையும் கம்பெனி ஆட்களாகச் சேர்த்துக் கார்டு கொடுத்தால்தான் இனி ஆர்டர் என்று கம்பெனியிடம் பேசியிருக்கிறார். அப்படி யாரும் கிடையாது என்று கம்பெனி சாதித்திருக்கிறது. தைக்கிறவளே சொன்னால் ஒப்புக்கொள்கிறோம் என்று கடைசியில் இறங்கிவந்திருக்கிறார்கள். என்னை வரவழைத்தது அதற்காகத்தான்.

"ரெண்டாந்தரம் மனுசி கேட்டது என்ன தெரியுமே? 'பயப்பிடாதேங்கோ, வீட்டில தைக்கிறவைக்குக் கார்டு எடுத்துத் தரத்தான் கேக்கிறன், அங்க எத்தினை பேர் இருக்கினம்' எண்டு. நீர் ஒருத்தரும் இல்லையெண்டிட்டீர். மனுசி உள்ளுக்குப் போய் அழுதவ."

சௌந்தர்யா கைப்பையோடு கடை வாசலில் வந்து நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "வெளிய வா" என்றாள்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கமுடியாது, இரு கையையும் விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும். அவள் முன்னால் போய்த் திரும்பி நின்றாள். அவளைத் தாண்ட எனக்கு வழியில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"சாம்பிள் ரூம்?"

"அது நான் சொன்னதுதான். மேனேஜரு சொல்லல."

ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் சந்துக்குள் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துத் திரும்பிப்போனார்கள்.

"உங்களுக்கெல்லாம் கார்டு வந்துட்டா கட்டு எதுக்குடி ஊட்டுக்கு வருது?" என்றாள் சௌந்தர்யா. "எல்லாரும் கம்பெனி கேட்டுக்குள்ள போய்டுவீங்க. நான் இன்னா பண்ணுவேன்? தூக்கிக்கினு அலையறவளுக்கு எவன் கார்டு குடுப்பான்? ஒருதபா வெளிய தள்னாங்க. அப்போ நீங்க யாராவது வந்து கேட்டீங்களா?"

"நான் கேக்கலதான். எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியுமே."

"தெரியும்" என்றாள் மறுபடி.

"அதனாலதான் என்னைக் கூட்டிக்கினு வந்தியா?"

"அண்ணன் மருந்துக்கு நான் பாத்துக்கறேன் மாரி. சத்தியமா" என்று என் கையைப் பிடிக்கவந்தாள். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் இருக்க, பிர்கிட்டா என்னைக் கேட்டதும் வேறு யாரையும் சொல்லாமல் அவள் உடனே ஒத்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லிக்கொடுத்ததை மறக்காதவள் நான். கையை இழுத்துக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பி, யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டு, பிர்கிட்டாவிடம் சொல்லச் சொன்னேன். என் வீட்டில்தான் தைக்கிறேன், என் தெருவே தைக்கிறது, நேற்றுச் சொன்னது பயந்து சொன்னது. பிர்கிட்டா முழுக்கக் கேட்டார். பிறகு அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நீர் சொல்லுறதை மனுசி நம்புறாவாம்" என்றார் அக்கா. "ஆனா நேற்றைய வீடியோவை ராத்திரியே கம்பெனிக்கு அனுப்பிப்போட்டாவாம். இனி என்ன சொன்னாலும், இங்க வைச்சு உமக்குச் சொல்லிக்குடுத்தது எண்டுதான் அவை சொல்லுவினம். முயற்சி செய்து பாக்கிறாவாம்."

விமானத்தில் சௌந்தர்யாவும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. சாப்பாட்டுத் தட்டின் மூடியை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் திறந்து என் முன்னால் வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் அக்தரி அக்கா செல்போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாள். அதில் நான். பின்னால் பழைய ஊரின் கல் வளைவு, கையில் ஊசி. "ஊட்ல தைக்கிறவங்க யாரும் இல்ல." தெரு முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கார்டு தரத்தான் கேட்டார்கள் என்பதும் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யார் அனுப்பியது என்று கேட்டேன். "சௌந்தர்யாதான்" என்றாள் அக்கா.

"இருபது வருஷம் பக்கத்துல உக்காந்து தைச்சேன். என்னையே இல்லன்னுட்டியே மாரி" என்றாள் அக்கா. "உனக்கு இன்னா குடுத்தாங்க?"

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வியை மாற்றிச் சொன்னது, சந்து, எல்லாம். அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு அல்லா கூலி குடுப்பான்" என்றாள்.

அப்போது தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் கட்டை இறக்கிக்கொண்டு வந்தாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். என் வாசலில் வண்டி நிற்கவில்லை. பக்கத்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

அக்தரி அக்கா எழுந்தாள். "பசங்க இருக்குதேம்மா" என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், சௌந்தர்யாவிடமிருந்து கட்டை வாங்கினாள். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசினார்கள். அக்கா தலையை ஆட்டினாள். பிறகு கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் தன் வீட்டுக்குள் போனாள்.