வாதுமை மரத்திலிருந்து கற்சுவர் வரை

என் மனைவி கடலில் இறங்கியது விளையாட்டுக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேருக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்கள் நினைக்கவும் இல்லை.

அவள் பள்ளிக்கூட கேன்டீன் ஒன்றில் இருபது வருடமாகச் சமைக்கிறாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. வலது முழங்கால் தேய்ந்து, போன வருடம் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிறகு பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கால் மடங்க வேண்டும். முதல் சில மாதங்களில் மடங்கப் பழகாவிட்டால் அப்படியே இறுகிப்போகும். தரையில் வலித்தால் தண்ணீரில் நடங்கள், இடுப்பளவுத் தண்ணீர் உடம்பின் கனத்தைத் தாங்கிக்கொள்ளும் என்றாள். கால் மடங்கினால் மனைவி வேலைக்குத் திரும்பலாம். மடங்காவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். நீச்சல் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் ஒரு பேண்ட்டும் மேலே நைட்டியும் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் இருந்த ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். விதிகள் எழுதிய பலகையைக் காட்டினார். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக்கூடாது, உடம்பை முழுக்க மூடுகிற நீளமான நீச்சல் உடையும் கடைகளில் விற்கிறது, அதைப் போட்டு வந்தால் தடையில்லை என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைக்குப் போனோம். அந்த உடையை எடுத்துக்கொண்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் கழித்து, அதை ஒழுங்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“தோல் மாதிரி ஒட்டுதுங்க. இதைப் போட்டுக்கிட்டு அத்தனை பேர் முன்னாடி நடக்கிறதுக்கு நொண்டிக்கிட்டே இருந்துடலாம்.”

பரவாயில்லை, போட்டுக்கொள் என்றோ, நான் கூட இருக்கிறேன் என்றோ நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடையை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தேன்.

நான் பேசாதவன். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் ஆங்கிலத்தில் பேசினால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் வேலை. அங்கேயும் பின்பக்க ஸ்டோரில்தான். அரிசி, பருப்பு, வெங்காய மூட்டைகள் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. கூச்ச சுபாவம், நல்ல மனிதர் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

கடலுக்குப் போகலாம் என்றது அவள்தான். கடலில் பலகை இல்லையே என்றாள்.

எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இரண்டு பஸ் மாறி ஈஸ்ட் கோஸ்ட்டுக்குப் போவோம். நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக நடந்தால் கடற்கரை வந்துவிடும். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் பெரிய பெரிய கற்களைச் சுவர்போலக் குவித்திருக்கிறார்கள். இரண்டு கற்சுவர்களுக்கு நடுவில் தண்ணீர் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். அலை பெரிதாக வராது. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். திங்கட்கிழமை மாலையில் கூட்டமும் இருக்காது.

கரையில் ஒரு வாதுமை மரம் உண்டு. அதற்கு நேரே தண்ணீரில் இறங்கி, கரையை ஒட்டியே இடுப்பளவு ஆழத்தில் கற்சுவர் வரை நடப்பாள். திரும்பவும் மரத்துக்கு நேரே வந்தால் ஒரு நடை என்று எண்ணிக்கொள்வாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைத் தூக்கி மடக்க வேண்டும். முதல் நாள் ஒரு நடைதான் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். நான் துண்டும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு மணலில் நின்றேன்.

நான் இறங்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அதைவிட, சட்டையைக் கழற்றக் கூச்சம். அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நான் வரமாட்டேன் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

வாரத்துக்கு வாரம் நடை கூடியது. இரண்டு, நான்கு, ஆறு. பயிற்சி கொடுக்கிற பெண் அளந்து பார்த்துவிட்டு, எங்கே போய் நடக்கிறீர்கள் என்று கேட்டாளாம். மனைவி அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கிக் காட்டினாள். இன்னொரு திங்கட்கிழமை, கற்சுவர் பக்கம் நின்றவள் கைகளை முன்னால் நீட்டிக் கால்களைத் தரையிலிருந்து எடுத்துவிட்டாள். ஒரு கணம் மிதந்தாள். உடனே நின்றுகொண்டு, பார்த்தீர்களா என்பதுபோல என் பக்கம் திரும்பினாள். யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கப்புறம் நடை முடிந்ததும் கொஞ்ச நேரம் மிதக்கப் பழகினாள்.

என் தம்பி வந்தது இதற்குப் பிறகு.

ஒரு திங்கட்கிழமை பொது விடுமுறையாக அமைந்தது. கடற்கரையில் அடுப்பு மேடை பதிவு செய்திருக்கிறேன், கோழி சுடுகிறோம், அண்ணனும் அண்ணியும் அங்கேதானே வருகிறீர்கள் என்று தம்பி போன் செய்தான். தம்பி என்னைப் போல இல்லை. படித்தவன். எங்கே போனாலும் அவனைச் சுற்றிச் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பில் பாதி என்னை வைத்துத்தான்.

அன்றைக்கு அவனும் கடலில் இறங்கினான். அரைக்கால் சட்டைக்கு மேலே தொப்பை தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆண்பிள்ளையின் தொப்பைக்குக் கடற்கரையில் அனுமதி உண்டு. குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று தலை துவட்டினான்.

மனைவி அப்போது தண்ணீரில் இருந்தாள். எட்டு நடை முடித்துவிட்டுக் கற்சுவரிலிருந்து திரும்பியவள், கைகளை நீட்டி மிதந்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. கையை வீசினாள், காலை உதைத்தாள், நகர்ந்தாள். நைட்டிக்குள் காற்று புகுந்து முதுகில் பலூன் மாதிரி உப்பியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. முகத்தைத் தூக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, நீந்தினாள். என் மனைவி நீந்தினாள்.

தம்பி போனைத் தூக்கினான். நான் பார்த்தேன்.

“வந்துட்டாங்க பாருங்க, நம்ம அண்ணி! சிங்கப்பூருக்குத் தங்கம் கன்ஃபர்ம் லா! பாராசூட்டோட நீச்சல், உலகத்துலயே முதல் தடவை!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தூரத்தில் இருந்ததால் காதில் விழுந்திருக்காது. வேண்டாம்டா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். துண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பெண் பிகினியில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் தம்பி போனைத் திருப்பியிருப்பானா? மாட்டான். போலீஸ் வரும். அண்ணியைப் படமெடுத்தால் யார் வரப்போகிறார்கள்? அண்ணன் வரமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். துண்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான் என்று தெரியும்.

மறுநாள் கடையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் தாங்கமுடியாமல் மனைவி எப்போதோ அதிலிருந்து விலகிவிட்டாள். நான் இருக்கிறேன். அதில் பாதி ஆங்கிலம், மீதி ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் எது வந்தாலும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிடுவேன். பிறந்தநாளா, கட்டைவிரல். கோயில் திருவிழாவா, கட்டைவிரல். தூரத்து மாமா ஒருவர் இறந்த செய்திக்குக் கட்டைவிரல் அனுப்பியதை வைத்துத் தம்பி மாதக்கணக்கில் சிரித்தான். அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

அன்றைக்கும் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். தம்பி ஏதோ வீடியோ அனுப்பியிருந்தான். திறக்கவில்லை. கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி கேன்டீனுக்குப் போனாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லத்தான் போனாள். கூட வேலை செய்கிறவள் போனை நீட்டினாளாம். அக்கா, இது நீங்கதானே என்று கேட்டாளாம். யார் யாருக்கோ போய்ச் சுற்றி அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கேன்டீன்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். வீடியோ இருந்தது. அதற்குக் கீழே முதல் பதில் என்னுடையது. ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

“நீங்களுமா?”

நான் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்றேன். உண்மைதான். ஆனால் தம்பி படமெடுத்ததை நான் பார்த்தேனே. அதுவும் உண்மைதான். அதைச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் எழுந்து சோறு வைத்தாள், துணி மடித்தாள், கடலைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. மூன்றாவது வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தாள். நின்றுபோயிருந்த பழக்கம் அது. பயிற்சிக்குப் போனபோது அந்தப் பெண் அளந்துவிட்டு, இறுக ஆரம்பித்திருக்கிறதே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். மனைவி மழை என்று சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொய்யில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அங்கிருந்து கடைக்குப் போய், வேலை முடிந்து ரயிலில் வரும்போதுதான் அந்த வீடியோவை முதல்முறையாகத் திறந்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் ஏழு தடவை கையை வீசுகிறாள். எழுந்து நின்று, கண்ணில் வழியும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்க்கிறாள். என்னைத் தேடித்தான் பார்க்கிறாள். படத்தின் ஓரத்தில் ஒரு துண்டும் அதைப் பிடித்திருக்கும் கையும் தெரிகின்றன. அந்தக் கை அவளைப் பார்த்து அசையவே இல்லை. ஒரு கையைத் தூக்கி ஆட்டக்கூட எனக்குத் துப்பில்லை.

ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் எழுத ஆரம்பித்து ஒரே விரலால் தட்டித் தட்டி, ஹவ்காங் தாண்டும்போது முடித்தேன். அந்தக் குழுவில் நான் எழுதிய முதல் வாக்கியங்கள் அவை. “இது என் மனைவி. ஆபரேஷன் செய்த காலோடு நீந்துகிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. இதை உடனே எடுத்துவிடு.”

செங்காங்கில் இறங்கும்போது தம்பி கூப்பிட்டான்.

“என்னண்ணே இது, இவ்வளவு சீரியஸா? தமாசு லா. அண்ணியே பார்த்துச் சிரிச்சிருப்பாங்க.”

“சிரிக்கல. கடலுக்குப் போறதையே நிறுத்திட்டா. கால் இறுகிக்கிட்டு வருது.”

“அதுக்கு நான் என்ன செய்ய? சரி, டிலீட் பண்ணிடறேன், ஓகேவா? ஆனா ஒண்ணு. முதல்ல லைக் போட்டதே நீங்கதாண்ணே.”

படிக்கட்டில் ஆட்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓரமாக நின்றேன்.

“ஆமா, போட்டேன். அது என் தப்பு. நீ எடுத்தது உன் தப்பு. ரெண்டு பேரும் அவ முன்னாடி நின்னு சொல்லணும். நான் இன்னைக்குச் சொல்றேன். நீ எப்ப வர்ற?”

வருகிறேன் என்றான். இன்றுவரை வரவில்லை. அவன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. அண்ணன் மாறிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம். சொல்லட்டும்.

வீடியோவை அவன் எடுத்துவிட்டான். ஆனால் என் கட்டைவிரல் அங்கேயே இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று கடையில் ஒருவரிடம் கேட்டேன். நாளாகிவிட்டதால் இனி குழுவின் அட்மின்தான் எல்லார் போனிலிருந்தும் எடுக்க முடியும் என்றார். அட்மின் தம்பி, அவனிடம் நான் கேட்கவில்லை. இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே, எதற்கென்று தெரியாமல் என் விரல் நிமிர்ந்து நிற்கிறது.

தம்பி போன் செய்த அன்று மாலையே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போனைத் தூக்கியதை நான் பார்த்தேன், தடுக்கவில்லை என்றும் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“அவரு எடுத்ததுகூடப் போகட்டும். நீந்திட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், நீங்க கீழே மணலைப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க. நான் என்னமோ அசிங்கம் பண்ணிட்ட மாதிரி.”

அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. என் கூச்சம் எனக்கு மட்டும் உரியது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது அவள்மேலும் சேறாகத் தெறித்திருக்கிறது.

திங்கட்கிழமை நானே பையை எடுத்து வைத்தேன். துண்டு இரண்டு. அவள் பார்த்தாள், செருப்பை மாட்டினாள். வாதுமை மரத்தடியில் பையை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். என்னை யாரும் பார்க்கவில்லை. இத்தனை காலம் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தபோது அதற்கும் கோபம்தான் வந்தது.

அவள் முதலில் இறங்கினாள். கால் பழையபடி மடங்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் உதட்டைக் கடித்தாள். நான் அவளுக்கும் கரைக்கும் நடுவில் சேர்ந்து நடந்தேன். கரையில் ஒருவன் சைக்கிளை நிறுத்திப் போனைத் தூக்கினான். நான் கையை உயர்த்தி, “ஹேய், நோ வீடியோ!” என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அவன் திகைத்து, கப்பல்களைக் காட்டி, சாரி அங்கிள் என்றான். அவன் கப்பலைத்தான் எடுத்தான் போலிருக்கிறது. இருக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் போகும் வரை இடுப்பளவுத் தண்ணீரில், அவளை மறைத்தபடி அப்படியே நின்றேன்.

முதுகில் ஈரக் கை ஒன்று தட்டியது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மரம் தெரியல. நான் எப்படி எண்ணுறது?”

தள்ளி நின்றேன். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டாள். காலைத் தூக்கி, மடக்கி, கற்சுவரை நோக்கி மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.