கண்ணாடியில் ஒட்டிய தாள்

ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்கா. டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட் அடிப்பதும், அதை உறையில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுப்பதும் அவள் வேலை. கொடுப்பதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

எல்லாம் 'அன்ரிமார்க்கபிள்' என்ற ஒரு சொல்லால் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் இந்த வேலைக்கு வரும் முன்பே, கணவனின் வயிற்று ஸ்கேனில் அந்தச் சொல் நாலு இடத்தில் இருந்தது. அகராதியைப் புரட்டினார்கள். 'குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமற்ற' என்று போட்டிருந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு கைய விரிச்சுட்டாங்க" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். டாக்டரைப் பார்க்க மூன்று நாள் ஆனது. அவர் சிரித்தார். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதைத்தான் ரிப்போர்ட் எழுதும் மகானுபாவர்கள் அப்படி எழுதுவார்களாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று நாளின் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் நல்ல ரிப்போர்ட்டாக இருந்தால், "குறை ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு, நிம்மதியா போங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். மேனேஜர் இரண்டு முறை எச்சரித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நல்லதுன்னா சொல்றீங்க. இல்லன்னா பேசாம நீட்டறீங்க. நேத்து ஒருத்தர், 'அந்தம்மா எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையே'ன்னு இங்க உக்காந்து அழுதார். தெரியுமா?"

தெரியாது. சுருக்கென்று தைத்தது. மனுஷன் சொன்னது நியாயம்தான்.

"இனிமே வாயத் திறந்தா வேலை கிடையாது."

"திறக்கல சார்" என்றாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தார், பாவம்.

மறுநாள் காலை ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். கீழே: 'எந்த உறுப்பின் பெயரோடு இந்தச் சொல் வருகிறதோ, அந்த உறுப்பில் குறை தென்படவில்லை என்று அர்த்தம். மற்றதை டாக்டரிடம் கேளுங்கள்.'

மேனேஜர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

"யாரையும் கேக்கல. வாயும் திறக்கல" என்றாள் உள்ளேயிருந்து. "நல்ல ரிப்போர்ட்டுக்கும் கெட்ட ரிப்போர்ட்டுக்கும் இதே தாள்தான். இனிமே என் மூஞ்சியப் பாத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கிழிங்க, மறுபடி ஒட்டுவேன். வேலைய விட்டு அனுப்பினா, வாசல்ல நின்னு கையில பிடிப்பேன்."

அவர் தாளின் மூலையை நகத்தால் கிளப்பினார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண். ஒரு விரல் தன் ரிப்போர்ட்டின் மேல், இன்னொரு விரல் கண்ணாடியின் மேல். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு எழுத்துதான்."

முடித்தாள். அதே சொல்தான். ரிப்போர்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மேனேஜர் கிளப்பிய மூலையைக் கட்டைவிரலால் மெல்ல ஒட்டினார்.

"நல்லா அழுத்துங்க சார்" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.