வெஸ்னா அழுத படம்

போன சனிக்கிழமை, கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பியில் தங்கச்சி வீட்டில், பாத்திரம் கழுவும் மெஷினை அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன். நீராவி குப்பென்று முகத்தில் அடித்தது. சவர்க்காரமும் சுடுதட்டும் கலந்த அந்த மணத்தில் கண் கலங்கிவிட்டது. தங்கச்சியின் மகள் டேனிஷில் என்னவென்று கேட்டாள். நீராவி என்று சமாளித்தேன். உங்களிடம் மறைப்பானேன், வெஸ்னாவின் நினைவு வந்துவிட்டது.

வெஸ்னா செர்பியப் பெண். அவள் நாட்டுக்கு அப்போது யூகோஸ்லாவியா என்று பெயர். பெல்கிராடில் நடிப்புப் படித்தவள். கோடையில் அங்கே போய்ப் படங்களில் நடிப்பாள். மற்ற மாதங்களில் கோப்பன்ஹேகனில் தகப்பனோடு தங்கி, ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு தட்டுக் கழுவுவாள். முதல் படத்தில் அவளுடைய முதுகு மட்டும் தெரியும், ஒரு குடையோடு. இரண்டாவதில் ஒரே வசனம்: "கோப்பி முடிஞ்சுது." அதை நாள் முழுக்க விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பாள். சமையல்காரர் நிசமென்று நம்பிக் கோப்பி போடப் போனதும் உண்டு. எங்கள் இருவருக்கும் அரைகுறை டேனிஷ்தான். ஆனாலும் என் நினைவில் அவள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள், என்ன செய்ய.

நான் அப்போது மனைவி பவானிக்காகக் காத்திருந்தேன். கலியாணம் கட்டிய சூட்டோடு ஊரைவிட்டு ஓடிவந்தவன். அவளை இங்கே எடுக்க மனுப் போட்டிருந்தேன். வெஸ்னாவின் உயரம்தான் பவானியும் என்பதால், வெஸ்னாவுக்குப் போட்டுப் பார்த்துப் பவானிக்கென்று ஒரு குளிர்க்கோட்டுகூட வாங்கி வைத்தேன். பதில்தான் வரவில்லை. எங்கள் ஆட்களின் மனுக்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்கள் என்பதும், அது தமிழர் வழக்கு என்று பெயரெடுத்து டேனிஷ் அரசாங்கத்தையே கவிழ்த்ததும் பிறகு வந்த கதை. அப்போது, நான்தான் எதையோ பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது படத்தில் வெஸ்னாவுக்கு நல்ல வேடம். புருஷனைப் பறிகொடுத்த பெண்.

"உங்கட ஊரில செத்தவீட்டில பொம்பிளையள் எப்பிடி அழுவினம்?" என்று கேட்டாள்.

எனக்குக் கேட்க வேண்டுமா? பால்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஏப்ரனைத் தலையில் போட்டுக்கொண்டு, "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியோ" என்று இழுத்தேன். அவளையும் பக்கத்தில் இருத்தி, தோளில் கைபோட்டுத் தலையோடு தலை சேர்க்கக் காட்டினேன்.

"தனிய அழேலாது. வாறவை கட்டிப்பிடிக்க வேணும். அப்பதான் அழுகை வரும்."

"ஆம்பிளையள்?"

"அவை பந்தலுக்குள்ள இருந்து வெத்திலை போடுவினம்."

குசினியே சிரித்தது.

அவள் படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. ஷெல் விழுந்து பவானி போய்விட்டாள். என்னோடு அறையில் இருந்த பெடியள் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். குடித்தேன். மறுநாள் வேலைக்கும் போனேன். அழுகை வரவில்லை. நல்ல புருஷன்தான் நான்.

வெஸ்னா திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டு, அன்று என் பங்குத் தட்டுகளையும் தானே கழுவினாள். மாதங்கள் கழித்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சின்னத் தியேட்டருக்கு அவள் படம் வந்தது. "வா," என்று கூட்டிக்கொண்டு போனாள். திரையில் கறுப்புச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். மொழி அவளுடையது, இழுவை என்னுடையது. அழுதபடியே கையை நீட்டிப் பக்கத்தில் ஒரு தோளைத் தேடினாள். அங்கே ஒருவரும் இல்லை.

நான் உடைந்துபோனேன். வாய்விட்டு அழுதேன். முன்வரிசை டேனிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்கள். வெஸ்னா என் தோளில் கைபோட்டு, நான் காட்டிக் கொடுத்தபடியே, தலையோடு தலை சேர்த்துக்கொண்டாள். படம் முடியும்வரை கையை எடுக்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும், ஊர் வழக்கப்படி முழுகிவிட்டுத்தான் அறைக்குள் போனேன். பவானியின் கோட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த படத்துக்கென்று போன வெஸ்னா பிறகு வரவில்லை. அவளுடைய நாடும் உடைந்து இல்லாமல் போயிற்று. அந்தத் தியேட்டரையும் மூடிவிட்டார்கள். பவானியின் செத்தவீடு நடந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள்.