துக்க வீட்டுக்குப் போகாத நோட்டீஸ்

முதலியார்பேட்டையில் நாங்கள் இருந்த இடம் ஒரு காலத்தில் யாரோ ஒரு துரையின் தோட்டமாம். அதைத் துண்டு போட்டு விற்றதில் சில வீடுகள் எழும்பின. கிணறும், கிணற்றுக்குப் போகும் பாதையும், பாதையோரத்து இடுப்பளவுச் சுவரும் எல்லோருக்கும் பொது. பொதுவென்று ஒன்று இருந்தால் சண்டையும் கூடவே வருமே, அதற்காக வீட்டுக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத் தலைவரைச் 'சேந்திக்' என்போம். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை பட்ஜெட் கூட்டம். பொதுச் சொத்தில் எதைக் கட்டுவது, எதை இடிப்பது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். கூட்டத்துக்கு இரண்டு ஞாயிறு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், என்ன பேசப்போகிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நோட்டீஸை எழுதி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என் அப்பா. மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர் வேலை. விதி என்றால் அவருக்கு உயிர்.

விதியில் இல்லாத ஒரு வழக்கமும் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குக் கருமாதி முடியும்வரை நோட்டீஸ் கொண்டுபோக மாட்டார்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுவதும் ஓர் அழைப்புதானே, துக்க வீட்டை எப்படி அழைப்பது? அந்த வீட்டுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார். அப்பா அவரிடம் முன்கூட்டியே போய், "அவங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டு வெச்சிக்கினு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அதனால் யாருக்கும் குறை வந்ததில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள். குழந்தையில் அம்மை போட்டுக் கண் போனவள், கல்யாணம் ஆகாதவள். ஆனால் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தது அவள்தான். விடிந்ததும் குடத்தை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே கிணற்றடிக்குப் போவாள். தானே இறைத்து, தானே சுமந்து வருவாள். கூட வரட்டுமா என்று நான் கேட்டால் கோபம் வந்துவிடும். "நீ கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போனா அது நீ எடுத்த தண்ணிடி" என்பாள்.

சைகோனிலிருந்து திரும்பி வந்த வீட்டுக்காரர் ஒருவர் கார் வாங்கியிருந்தார். சுவரை எடுத்தால் கார் அவர் வாசல்வரை வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அதைக் கேட்பார், அப்பா எழுந்து, "எங்க அக்கா நடக்கறது அந்தச் செவத்தப் புடிச்சிக்கினுதான்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா மாரடைப்பில் போனார். அத்தை அழவில்லை. தம்பி போன வீட்டில் தான் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. முன்பு நான்கு குடம் எடுத்தவள், தொட்டி வழிகிற வரைக்கும் எடுக்க ஆரம்பித்தாள். "போதும் அண்ணி" என்று அம்மா சொன்னாலும் காதில் வாங்கமாட்டாள்.

கருமாதி முடிந்து இரண்டு நாள் இருக்கும். காலையில் கடப்பாரைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கொத்தனார்கள் பாதிச் சுவரைச் சாய்த்துவிட்டிருந்தார்கள். "கூட்டத்துல முடிவாயிடிச்சிம்மா, சேந்திக் ஐயா சொன்னாரு" என்றார்கள். எங்களுக்குத் தெரியாமல் என்ன கூட்டம்? நான் கத்தியதில் சேந்திக்கே வந்துவிட்டார். பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மாதா கோயில் பூசைக்குத் தவறாதவர், நல்ல மனிதர்.

"துக்க வீட்டுக்கு எப்படிம்மா நோட்டீஸ எடுத்துக்கினு வர்றது? உங்க வழக்கத்துக்கு மரியாதை குடுத்துதான் வரல."

"எங்களுக்காக யாரு பேசுனாங்க?"

அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா பேசணும்னு எனக்கு யாரும் வந்து சொல்லலியே" என்றார். உண்மைதான். போய்ச் சொல்கிற ஆள்தான் செத்துப் போயிருந்தாரே.

கருமாதி முடியட்டும் என்று கொத்தனார்களைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்களாம். துக்க வீட்டைக் கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது, ஆனால் துக்க வீட்டார் பிடித்து நடக்கிற சுவரை இடிக்கலாம். இதுதான் அவர்களுடைய மரியாதை. ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

சேந்திக் மறுகூட்டம் போட்டார். இந்த முறை நோட்டீஸ் இரண்டு ஞாயிறு முன்பே வந்தது, அம்மா பெயருக்கு, முறைப்படி. புருஷன் போன புதிதில் அம்மா வெளியே போகக் கூடாது, நான் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சுவரின் செங்கல் எல்லாம் கார் கொட்டகைக்குத் தரையாகிவிட்டது, கார் வந்துபோகவும் தொடங்கிவிட்டது. மறுபடி கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் சைகோன்காரர் எழுந்தார்.

"அந்தம்மா எதுக்குக் கஷ்டப்படணும்? எங்க வீட்டு வேலக்காரி தெனம் தொட்டிய ரொப்பிட்டு வரட்டும். அது என் பொறுப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். பெருந்தன்மை என்றார் சேந்திக். நான் வீட்டுக்கு வந்தேன்.

நடையில் நின்றிருந்த அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்போ இனிமே தண்ணி தானா வந்துடும்" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை வேலைக்காரி தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அத்தை வெறும் கையோடு நடையில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். அத்தை தட்டைத் தடவிப் பார்த்து, பாதியைத் தனியே ஒதுக்கினாள்.

"எடுத்து வெச்சிடும்மா. இது போதும்."

"ஏன் அண்ணி, பசிக்கலியா?"

"பசிக்குது" என்றாள் அத்தை. "வேலதான் ஒண்ணும் செய்யலியே."

அன்று முதல் சாகும்வரை அவள் அரைச் சோறுதான் தின்றாள்.