கல்லில் கிடந்த முட்டைப் பரோட்டா

கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரில் நான் பரோட்டா போடுகிறேன். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒருவர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வருவார். ஒல்லியான ஆள். கம்ப்யூட்டர் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சில் மாட்டியிருப்பார். உட்காராமல், கல்லைப் பார்த்தபடியே சாப்பிடுவார். நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

ஒரு நாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்பதை மறந்து, அவரைத் தெருவில் கண்டதுமே ஆறு சாதாப் பரோட்டாவுக்கு நடுவில் அவருடைய முட்டைப் பரோட்டாவையும் போட்டுவிட்டேன்.

"அண்ணே, இன்னைக்கு முட்டை ஆகாதே. கேக்காமலே போட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டுப் போட்டா லேட்டாகும் சார்."

"நாங்க செய்யிற கம்ப்யூட்டர் சிப்பும் இப்படித்தாண்ணே. அடுத்து எந்த வேலை வரும்னு யூகிச்சு முன்கூட்டியே ஆரம்பிச்சிரும். யூகம் தப்புனா, பின்னாடி வந்த எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் முதல்லேருந்து செய்யும். அதான் மெதுவா ஓடுது. திங்கக்கிழமைக்குள்ள வேகம் காட்டலைன்னா இந்த வேலையை வேற டீமுக்குக் கொடுத்துருவாங்க."

"எல்லாத்தையும் எதுக்கு சார் தூக்கணும்? ஒங்க முட்டையை மட்டும் எடுத்தாப் போதும்ல. மத்த ஆறும் அதுபாட்டுக்கு வேகட்டுமே."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வேகமாகப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சிப்பு வேகமானதா, வேலை கைவிட்டுப் போனதா, தெரியாது. நான் ஏழு மணிக்கு முட்டைப் பரோட்டாவைப் போட்டு, ஏழரைக்கு நானே சாப்பிடுகிறேன்.