சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

போன வாரம் திருத்தணியில் மின்சார ரயில் ஏறினேன். பக்கத்தில் ஒரு குடும்பம். மலையில் மொட்டை போட்ட குழந்தை, தலை முழுக்கச் சந்தனம். அரக்கோணம் வருவதற்குள் அது தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டது. அதன் அம்மா பதறிப்போய் என் சட்டையைத் துடைக்க வந்தாள். பரவாயில்லை என்றேன். ஊருக்கெல்லாம் அந்த வாசனை மலையை ஞாபகப்படுத்தும். எனக்கு மட்டும் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது தாமு அண்ணன் ஸ்டூடியோவில். மலைக்குப் போகிற வழியில், தேங்காய்க் கடைகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடை. பாஸ்போர்ட் போட்டோ, மொட்டை போட்ட குடும்பங்களின் குரூப் போட்டோ, கல்யாண வீடியோ. எனக்கு 'வீடியோ எடிட்டர்' என்று பெயர். பெண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எழும்பி வருவார்களே, அந்த வேலை. அப்போது அதைக் கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டேப்பில் எடுத்ததை கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப்போவோம். ஆக, ஊர்க் கல்யாணமெல்லாம் கடைசியில் ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. "உங்க வூட்டுக் கல்யாணம் நம்மகிட்ட பத்திரமா இருக்கும்" என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்வார். ஜனங்களும் பாங்க் லாக்கரில் வைத்த மாதிரி நம்பிப் போவார்கள்.

எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது என்பதில் அப்போது பெரிய சண்டையே நடக்கும். கம்பெனிப் பெயரை யாரும் சொல்லமாட்டோம், லேபிள் நிறம்தான். தாமு அண்ணன் பச்சை லேபிள் கட்சி. அரக்கோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர், அண்ணன் வாயில் 'பாவா', வெள்ளை லேபிள். காது குத்து, கருமாதி எங்கே சந்தித்தாலும் பாவாவும் மச்சானும் இதையே பேசி, சாப்பிடாமல் எழுந்துபோன கதையெல்லாம் உண்டு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெட் சென்டரில் ஒரு பழைய வெள்ளை லேபிள், தூசியும் வெயிலும் தின்றுகொண்டு வருஷக்கணக்கில் ஓடியது. அதே கம்பெனியின் அடுத்த சைஸ் வாங்கியவர்கள் எல்லாரும் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். பச்சையும் அப்படியே. ஒரு மாடல் உழைக்கும், அடுத்த மாடல் காலை வாரும். இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் என்மேல்தான் கோபம் வரும்.

அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பச்சை லேபிள் வாங்கிவந்தார். ஒன்றில் ஒரிஜினல், இன்னொன்றில் காப்பி. காப்பிக்காவது வேறு கம்பெனி போடலாமே என்றேன். "பாவா கம்பெனிய என் கடைக்குள்ள உடமாட்டேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷம்தான் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணம் எடுத்தோம். பெண்ணின் அப்பா முனிரத்தினம். வாழ்நாள் முழுக்க விசைத்தறிச் சத்தத்தில் இருந்தவர், வாயைத் திறந்தே பேசமாட்டார். பெண்ணைக் கார் ஏற்றும்போது மட்டும் ஜன்னலுக்குள் தலையை விட்டு ஏதோ சொன்னார். தமிழும் தெலுங்கும் கலந்து, கரகரத்த குரலில், நிறையவே சொன்னார். பெண் "நைனா, நைனா" என்று அழுதுகொண்டிருந்தாள். கேமரா பக்கத்திலேயே இருந்ததால் பேச்சு தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஹெட்போனில் கேட்டேன். கேட்டுவிட்டு வழக்கம்போல டிவிடியில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். பேச்சு ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருந்தது. எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான். டிவிடியைப் போட்டுப் பார்த்தால் ஜனங்கள் வாயை அசைப்பார்கள், பாட்டு ஓடும். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்றுதான் கேட்பார்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அண்ணன் கேமரா, ஸ்டாண்டு, லைட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இரண்டு ஹார்ட் டிஸ்கையும் கழற்றி அவற்றுக்கும் வைத்தார். ஹார்ட் டிஸ்க் மேலே பொட்டு அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே காற்று போய்வர. இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பான். அது பார்ப்பதற்குப் பொட்டு வைக்கச் சொல்லி விட்டுவைத்த இடம் மாதிரியே இருக்கும். அண்ணன் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அதில் சரியாக அப்பினார். சொன்னேன். "சாமிக்கு வெச்சது மூச்ச அடைக்குமாடா?" என்றார். கற்பூரம் காட்டினார்.

கார்த்திகைக்கு முன்னால் ஒருநாள் மேஜைப் பக்கம் டிக் டிக் என்று கேட்டது. அண்ணன் பல்லி என்று நினைத்து, எந்தத் திசை என்று பார்த்து, காலண்டரில் பலன் படித்துவிட்டு திருப்தியாக டீ சொன்னார். டீ வருவதற்குள் ஒரிஜினல் செத்துப்போயிருந்தது. சென்னை சர்வீஸ் சென்டரில் கவுன்டரில் இருந்தவன் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். துளை அடைத்திருக்கிறது, வாரன்டி கிடையாது என்றான். சந்தனத்தால் செத்ததா, ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் செத்ததா, அந்த மாடலே அப்படியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்கும் தெரியாது. கையை விரிக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கடைக்கு வந்ததும் அண்ணன் ஆத்திரத்தில் அதைப் பிரித்துப் போட்டார். உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தகடு. முகம் அப்படியே தெரிந்தது. நடுவில் இருந்த ஓட்டையில் கம்பி கோத்து, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள் பொட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று சுவரில் மாட்டினார்.

காப்பியும் கொஞ்ச நாளில் டிக் டிக் என்றது. ஒரே பெட்டிப் பிள்ளைகள்தானே. இந்தத் தடவை அண்ணன் உஷாராகிவிட்டார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, குங்குமச் சாயம் தெரியாமல் துடைத்தார். செத்த டிஸ்கைக் கொடுத்தால்தான் கம்பெனி வேறு தரும். சென்னையில் உள்ளே இருப்பதை மீட்டுத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், செலவாகும், ஆனாலும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "டிவிடி குடுத்தாச்சு. இனிமே யாருடா வந்து கேக்கப்போறா?" என்றார். போய்க் கொடுத்துவிட்டு, காலி டிஸ்க் ஒன்றைச் சிரித்த முகத்தோடு வாங்கிவந்தார். ஊரே நம்பிக் கொடுத்ததை ஒரு காலி டப்பாவுக்கு மாற்றிய மனிதரோடு அடுத்த நாளும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முனிரத்தினத்தின் மனைவி வந்தது அதற்கு அடுத்த ஆடியில். நெற்றியில் பொட்டு இல்லை. உதவித்தொகைக்கு போட்டோ வேண்டும் என்றார். புருஷன் தறியிலேயே மார்வலி வந்து சாய்ந்துவிட்டாராம். சுவரில் இருந்த தகட்டில் முகத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய புருஷன் பேசியது அந்தத் தகட்டில்தான் பதிந்திருந்தது. லைட்டைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

போட்டோ எடுத்த பிறகு சொன்னார்: "தம்பி, அவரு பொண்ணுகிட்ட பேசினாரே, அத்த மட்டும் இந்த போன்ல ஏத்திக் குடு. டிவிடில பாட்டுதான் கேக்குது."

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் ஆரம்பித்தார். அந்தம்மாவுக்குக் கம்பெனியும் புரியவில்லை, லேபிளும் புரியவில்லை. போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டுகினு தான தம்பி செஞ்ச? அவரு இன்னா சொன்னாரு? எம்பொண்ணு அழுவையில ஒண்ணும் காதுல உழலன்றா."

யோசித்தேன். கார் ஜன்னல் வந்தது, அவர் துண்டு வந்தது, உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "நல்லா இருன்னு சொன்னாருக்கா" என்றேன்.

"அவரு அப்டிலாம் பேசறவரு இல்ல தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் கடையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். அந்தத் தகடு எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. பச்சை, வெள்ளை என்று சண்டை போட ஆளும் இல்லை. இன்று அப்பன்மார் பேசுவதெல்லாம் பேசி முடிக்கும் முன்பே நாலு போனில் ஏறிவிடுகிறது.

வில்லிவாக்கத்தில் அந்தக் குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்கள். தோளில் சந்தனம் காய்ந்துவிட்டிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போட்ட பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை இப்போதும் தப்பில்லாமல் பாடுவேன். அவர் சொன்னதில் ஒரு சொல் இல்லை.